சாவுக்கு ஆயத்தம்: மன்னார்க் கரையின் வழமைகள்

மன்னார்த் தீவிலும் அதற்கு எதிரே கிடக்கும் மாந்தை, முசலிக் கரைகளிலும் சாவுக்கு ஆயத்தமாவது இளமையிலேயே கற்றுக்கொடுக்கப்பட்ட பழக்கம். கரையின் வாழ்க்கை அப்படி. கடலும் முத்துக்குளிப்பும் அம்மையும் வாந்திபேதியும், பின்னாளில் போரும் இங்கே வயது பார்த்து ஆளெடுக்கவில்லை. ஆகவே கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் சைவரும் ஆன்மாவுக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, அடக்கச் செலவுக்கு ஒன்று என்று தத்தம் வழியில் வழமைகளை உண்டாக்கி வைத்தார்கள். நோய் முற்றிய நாளுக்கும் மூச்சு நிற்கும் நாளுக்கும் நடுவில் எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம், அதை யார் சொல்வது என்பதற்கு மட்டும் வழமை எதுவும் உருவாகவில்லை. முன்னோருக்கு அந்த இடைக்காலம் சில மணிநேரமாகவோ சில நாளாகவோ இருந்தது. இன்றைய இளவயதினரின் பெற்றோருக்கு, சிலவேளை அவர்களுக்கே, அது மாதக்கணக்கில் நீள்கிறது.

மன்னார்க் கத்தோலிக்கத்தின் தொடக்கமே இளஞ்சாவோடு பிணைந்தது. பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குரு ஒருவரிடம் ஞானஸ்நானம் பெற்ற கரைவாசிகளில் அறுநூறு, எழுநூறு பேர் 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். ஞானஸ்நானத்துக்கும் சாவுக்கும் இடையே அவர்களுக்குக் கிடைத்தது சில மாதங்களே. 1560இல் போர்த்துக்கேயர் தீவில் கோட்டை கட்டினார்கள். எதிரே தமிழகக் கரையிலுள்ள புன்னைக்காயல் பக்கத்திலிருந்து பரதவர் பலர் வந்து குடியேறினார்கள். அந்தப் பரதவரின் முத்துக்குளித்துறைக் கரையில் வாழ்நாள் முழுவதும் உழைத்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகள் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’, தமிழில் அச்சான முதல் நூல்களில் ஒன்று. பதினாறே பக்கம் கொண்ட அந்த ஞானோபதேசச் சுவடி மீனவரும் பிள்ளைகளும் மனப்பாடம் செய்வதற்காக ஆனது. 1580இல் பாவசங்கீர்த்தன நூல் ஒன்றும் வந்தது. குரு அரிதாகவே வந்துபோகும் கரையில், அடுத்த தடவை அவர் வருமுன் சாவு வந்துவிடலாம் என்பதை எல்லோரும் அறிந்திருந்தார்கள். எந்தப் பாவத்தை எப்படி நினைவுகூர்வது, எப்படி மனஸ்தாபப்படுவது என்பதைத் தனியாகச் சாகக்கூடியவனும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

போர்த்துக்கேயர் ஆசியாவுக்குக் கொண்டுவந்த இன்னொரு அமைப்பு மிசெரிகோர்தியா என்னும் இரக்கச் சகோதரசபை. 1498இல் லிஸ்பனில் தொடங்கிய அது கோவா, கொச்சி, கொழும்பு முதலிய துறைகளில் பரவியது. நோயாளரைப் பார்ப்பதும் ஏழைகளை அடக்கம் செய்வதும் அதன் பணி. தூரதேசத்தில் இறந்தவரின் மரணசாசனத்தை நிறைவேற்றி, சொத்தை வீட்டாரிடம் சேர்ப்பதையும் அது ஏற்றுக்கொண்டது. சாகும்வேளைக் காரியங்களை உயிருள்ளவர்கள் கூடி, பணம் சேர்த்து, முன்கூட்டியே ஒழுங்கு செய்துவைக்கலாம் என்ற எண்ணம் இந்தத் துறைமுகங்களில் அமைப்பாக வேரூன்றியது அந்தக் காலத்தில்தான்.

1658இல் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை விதித்தார்கள். புனித யோசேப் வாஸ் 1687இல் ஒளிந்து வந்து சேரும்வரை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், இலங்கைக் கத்தோலிக்கர் குருவே இல்லாமல் பிறந்தார்கள், மணந்தார்கள், இறந்தார்கள். சமூகத்தைத் தாங்கியவர்கள் மூப்பர்களும் அண்ணாவிமாரும். குழந்தை சாகக்கிடந்தால் ஞானஸ்நானம் கொடுத்தது அண்ணாவி. வயதுவந்தவர் சாகக்கிடந்தால் பக்கத்தில் அமர்ந்து செபித்ததும் அண்ணாவி. இந்தச் சில பத்தாண்டுகள்தான் மன்னார்க் கரையின் மரண வழமையை வடித்தெடுத்தன என்று சொல்லத் தோன்றுகிறது. சாவுக்கட்டில் குருவுக்குரிய இடமாக இராமல் அயலாருக்குரிய இடமாக மாறியது அப்போதுதான்.

அந்தக் கட்டிலருகே நடப்பது நெடுங்காலம் மாறாதிருந்தது. சேடம் இழுக்கத் தொடங்கியதும் அயல்வீடுகளுக்கு ஆள் போகும். பாடுபட்ட சுரூபத்தை நோயாளியின் கையில் வைத்து, அந்தக் கையை இன்னொருவர் தன் கையால் பொத்திப் பிடித்திருப்பார். மெழுகுதிரி எரியும். தீர்த்தம் தெளிப்பார்கள். செபமாலையை ஒருவர் தொடங்க மற்றவர்கள் சேர்ந்து சொல்வார்கள். யாராவது ஒருவர், பெரும்பாலும் வயதான பெண், காதருகே குனிந்து ‘சேசு, மரி, சூசை’ என்று திரும்பத் திரும்பச் சொல்வார். நோயாளியின் உதடு அசைகிறதா என்று பார்ப்பார்கள். சூசையப்பர் நன்மரணத்தின் பாதுகாவலர் என்பதால் அந்தப் பெயர் விடுபடாது. பிள்ளைகளை யாரும் வெளியே அனுப்பியதில்லை. பத்து வயதுச் சிறுவன் கதவடியில் நின்று எல்லாவற்றையும் பார்ப்பான். நாளைக்குத் தன் தாய்க்கு என்ன செய்யவேண்டும் என்பது அவனுக்கு அப்படியே தெரிந்துபோகும்.

1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகள் இந்தப் பயிற்சிக்கு இலக்கியம் தந்தார். அவருடைய ‘வியாகுல பிரசங்கம்’ தபசுகாலத்தில் இராகத்தோடு வாசிக்கப்படுவது. கரையோரக் கோவில்களில் இளைஞர்களும் அதை முறைவைத்து வாசித்துப் பழகினார்கள். மாதோட்டப் பாங்கிலும் யாழ்ப்பாணப் பாங்கிலும் ஆடப்பட்ட நாட்டுக்கூத்துகளில் வேதசாட்சிகளின் சாவை நடித்தவர்கள் இருபது, இருபத்தைந்து வயதினர். சாவைப் பற்றிப் பேசக்கூடாது என்ற கூச்சம் இந்தக் கரையில் பழையதல்ல. அது பின்னாளில் வந்து சேர்ந்தது.

முஸ்லிம் ஊர்களான எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலிக் கிராமங்கள் ஆகியவற்றில் ஆயத்தம் வேறு முறையில் எழுதப்பட்ட விதியாகவே இருந்தது. கொடுத்துச் செல்ல ஏதேனும் உடையவர் வஸிய்யத் என்னும் மரணசாசனத்தை எழுதிவைக்காமல் இரண்டு இரவுகளைக் கூடக் கழிக்கலாகாது என்பது நபிமொழியின் கருத்து. வயதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. சொத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வஸிய்யத் செல்லாது. கடன் முதலில் தீர்க்கப்பட வேண்டும். ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர் கடனை அடைத்து, மனத்தாங்கல் உள்ளவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவார். ஸக்கராத்து என்னும் மரணத் தறுவாயில் கிப்லாவை நோக்கித் திருப்புவது, யாஸீன் ஓதுவது, கலிமாவை மெல்ல நினைவூட்டுவது, ஜனாஸாவைத் தாமதமின்றிக் குளிப்பாட்டிக் கபனிட்டுச் சந்தூக்கில் மையவாடிக்குக் கொண்டுசெல்வது என்று எல்லாமே வாலிபர்களுக்குத் தெரிந்திருந்த காரியங்கள். தோள் கொடுப்பதற்கு வாலிபர் வேண்டும்.

சைவருக்குத் திருக்கேதீச்சரமும் அதன் பாலாவித் தீர்த்தமும் பிதிர்க்கடனுக்குரிய இடங்கள். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய அந்தத் தலம் போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்து, 1872இல் ஆறுமுக நாவலர் விடுத்த வேண்டுகோளுக்குப் பிறகே மீண்டும் எழத் தொடங்கியது. வட இலங்கைச் சைவ வீடுகளில் உயிர் பிரியும் வேளையில் சிவபுராணம் பாடுவதும், செத்த வீட்டில் திருப்பொற்சுண்ணம் பாடுவதும் வழக்கம்.

இந்த மூன்று வழமைகளுக்கும் வெளியே, யாருமற்றவர்களின் சாவையும் மன்னார்க் கரை நிறையப் பார்த்தது. முத்துக்குளிப்பு நடக்கும் ஆண்டுகளில் அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிப் பக்கம் வெறும் மணலில் சில வாரங்களுக்குள் ஒரு நகரம் முளைக்கும். தமிழ்நாட்டிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குளியாட்கள் வருவார்கள். சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடற்கட்டி என்னும் மந்திரவாதி மந்திரம் சொல்லாமல் பலர் கடலில் இறங்கமாட்டார்கள். பிரித்தானிய அரசே அவருக்குக் கூலி கொடுத்தது. 1906இல் இந்தக் குளிப்பில் கடமையாற்றிய இளம் அதிகாரி லெனார்ட் வூல்ஃப், அங்கே கண்டதை வைத்து ‘முத்துகளும் பன்றிகளும்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கதை எழுதி 1921இல் வெளியிட்டார். அதில் இரண்டு சாவுகள் வருகின்றன. குடிவெறியில் பிதற்றியபடி, செய்த கொடுமைகள் எல்லாம் வாயில் வர, ஒரு வெள்ளையன் சாகிறான். அதே இரவில் ஓர் அரபுக் குளியாளின் உடல் கரைக்கு வருகிறது. அவனுடைய ஆட்கள் அமைதியாக அதைச் சூழ்ந்து, துக்கப்படுபவனைத் தேற்றி, உரிய சொற்களைச் சொல்லி எடுத்துச் செல்கிறார்கள். கதைதான், ஆனாலும் வழமை கைகொடுக்கும் சாவுக்கும் எதுவுமே கைகொடுக்காத சாவுக்கும் உள்ள தூரத்தை இந்தக் கரையை வைத்து இவ்வளவு கூர்மையாக எழுதியவர் வேறொருவர் இல்லை.

அதைவிடத் தனிமையான சாவுகள் வடபாதையில் நேர்ந்தன. 1830களின் பிற்பகுதி தொடங்கி மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்காக இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்து மக்கள் தலைமன்னாரிலும் அதன் அயற்கரைகளிலும் வந்திறங்கி, வறண்ட காட்டினூடே மாத்தளை வரை நடந்தார்கள். பெரும்பாலோர் இளம் ஆண்கள். தண்ணீரில்லாமலும் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியோரத்தில் விழுந்தவர்களை உடன் வந்தவர்கள் விட்டுவிட்டுப் போகவேண்டியிருந்தது. கிணறுகளும் தங்கும் கொட்டகைகளும் வைத்தியசாலைகளும் மெல்ல மெல்லத்தான் வந்தன. ஊரில் இருந்திருந்தால் காதில் பெயர் சொல்ல ஓர் ஆள் இருந்திருக்கும் பல்லாயிரம் பேர் பெயர்கூடப் பதியப்படாமல் அந்தப் பாதையில் மறைந்தார்கள். இதை எழுதும்போது கணக்கு முறையாக வைக்கப்படாததே பெருங்குற்றமாகத் தெரிகிறது.

ஆங்கிலேயர் ஆட்சி இன்னொரு பக்கத்தில் ஆயத்தத்தைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, மரணசாசனம் நொத்தாரிசு ஒருவருக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால், அல்லது ஐந்து சாட்சிகளுக்கு முன்னால் கையெழுத்திடப்பட வேண்டும். அது இன்றுவரை நடைமுறையில் உள்ளது. முழுவயது நெடுங்காலம் 21ஆக இருந்து, 1989இல் 18ஆகக் குறைந்தது. ஆனால் சாசனம் பேசுவது காணியையும் நகையையும் பற்றி. அதுவும் எழுதியவர் இறந்த பிறகு. மீனவக் குடும்பங்களில் வள்ளமும் வலையும் உயிரோடிருக்கும்போதே மகனிடம் போய்விடும், வீடு சீதனமாக மகளிடம் போய்விடும். நொத்தாரிசிடம் போகத் தேவை குறைவு.

சாதாரண குடும்பங்களை உண்மையில் தாங்கியது இருபதாம் நூற்றாண்டில் இலங்கையின் கிராமங்கள்தோறும் பரவிய மரண உதவிச் சங்கம். ஒரு வீட்டுக்கு ஓர் அங்கத்துவம். மாதச் சந்தா சிறிய தொகை. சாவு விழுந்தால் சங்கத்திலிருந்து பணம் வரும். கதிரை, தகரப்பந்தல், விளக்கு, தேநீர்க் கேத்தல் எல்லாம் சங்கத்தின் சொத்து. புதிதாக மணமுடித்துத் தனிக்குடித்தனம் போகும் சோடி சந்தாப் புத்தகத்தில் பெயரெழுதும் நாளில், இருபத்தைந்து வயதில், தம் சாவுக்காக முதல் தவணையைக் கட்டுகிறது. அதை யாரும் அமங்கலமாக நினைப்பதில்லை. சேமக்காலையில் கிடங்கு வெட்டுவதும் வெள்ளைக்கொடி கட்டுவதும் ‘கண்ணீர் அஞ்சலி’ அச்சடித்துச் சந்தியில் தொங்கவிடுவதும் இளைஞர் வேலை. சாவின் பின் நடக்கவேண்டிய அத்தனையும் அவர்களுக்கு அத்துபடி.

போர் இந்த அமைப்புகளை ஒவ்வொன்றாக உடைத்தது. 1990 ஒக்டோபரின் கடைசி நாட்களில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் வள்ளங்களில் கற்பிட்டிப் பக்கம் போய் இறங்கினார்கள். உம்மா வாப்பாவின் கபுறுகள் இருந்த மையவாடியை விட்டு, புத்தளத்து முகாம்களில் இறந்தவர்கள் அந்நிய மண்ணில் அடங்கினார்கள். இயக்கத்தில் சேர்ந்த தமிழ் இளைஞர்கள் கழுத்தில் சயனைட் குப்பி அணிந்தார்கள். சைவ வீட்டுப் பிள்ளைகளும் எரிக்கப்படாமல் ஆட்காட்டிவெளி முதலிய துயிலும் இல்லங்களில் விதைக்கப்பட்டார்கள். இருபது வயதினரின் சாவை வீடும் கோவிலும் ஒழுங்கு செய்யாமல் ஓர் இயக்கம் ஒழுங்கு செய்த காலம் அது. 1999 நவம்பரில் மடுத் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் எறிகணை விழுந்து சுமார் நாற்பது பேர் இறந்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீட்டாருக்கோ வழமை எதுவுமே பொருந்தவில்லை. 2010இன் தற்காலிகச் சட்டம் மரணச் சான்றிதழ் எடுக்க வழி செய்தது. பல தாய்மார் அதை வாங்க மறுத்தார்கள். 2016இல்தான், இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமல் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறும் ஏற்பாடு வந்தது.

2020இல் இறந்தவரின் விருப்பத்தை அரசே நேரடியாக மீறியது. கொவிட் தொற்றில் இறந்தவர்களை எரிப்பது கட்டாயம் என்று ஏப்ரல் 11இல் வர்த்தமானி வந்தது. புதைப்பதால் தொற்றுப் பரவும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் எந்த ஆதாரத்தையும் காணவில்லை. முஸ்லிம்களும் புதைக்க விரும்பிய கிறிஸ்தவர்களும் பத்து மாதத்துக்கு மேல் தம் உறவுகளைச் சாம்பலாகப் பெற்றார்கள். 2021 பெப்ரவரி இறுதியில் ஆணை நீக்கப்பட்டபோது, முதலில் குறிக்கப்பட்ட இடம் மன்னார் வளைகுடாவின் வடக்கே, கிளிநொச்சிக் கடலிலுள்ள இரணைதீவு. போரில் இழந்த தீவுக்கு மீண்டிருந்த கத்தோலிக்க மீனவர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் நடந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்கு மன்னிப்புக் கோரியது. எழுதிவைத்த வஸிய்யத்தும் வாயால் சொன்ன ஆசையும் சட்டப் பாதுகாப்பு இல்லாவிட்டால் எவ்வளவு எளிதாகத் தள்ளப்படும் என்பதை ஒரு முழுத் தலைமுறை அப்போது நேரில் கண்டது.

இதற்கிடையே சாவு நடக்கும் இடம் மாறிவிட்டது. மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையிலிருந்து கடுமையான நோயாளரை வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஏற்றிவிடுவார்கள். புற்றுநோய் என்றால் தெல்லிப்பழை, இல்லையேல் மகரகம. வவுனியா தவிர மற்ற ஒவ்வொன்றும் நூறு கிலோமீற்றருக்கு மேல். செயற்கைச் சுவாசம் கொடுப்பதா, இன்னொரு சத்திரசிகிச்சையா, துண்டு வெட்டி வீட்டுக்குக் கொண்டுபோவதா என்ற கேள்வி வரும்போது மூத்த மகன் கட்டாரிலோ ரொறன்ரோவிலோ இருப்பான். தொலைபேசியில் கேட்பார்கள். அப்பாவின் செலவைக் கட்டுபவன் என்பதால் அவன் சொல்வதே முடிவாகிவிடும். அப்பா என்ன விரும்பினார் என்று அவனுக்கும் தெரியாது. ‘எல்லாம் செய்யுங்கோ’ என்பதைத் தவிர வேறு பதில் சொன்னால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் வேறு. மதம் அவ்வளவு கடுமையாகக் கேட்கவில்லை. பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957 நவம்பரில் மயக்கமருந்து வைத்தியர்களுக்கு ஆற்றிய உரையிலேயே, அசாதாரண வழிகளைக் கையாண்டு உயிரை நீட்டிக்கும் கடமை நோயாளிக்கு இல்லை என்று தெளிவாக்கினார். இந்தப் போதனை செத்த வீட்டுப் பிரசங்கங்களில் போதிய அளவு சொல்லப்படாதது பெரும் குறை.

இந்தக் கேள்வி முதியோருக்குரியது என்ற எண்ணத்தை உலக அனுபவமும் ஏற்கவில்லை. அமெரிக்காவில் சட்டத்தை மாற்றிய மூன்று வழக்குகளும் இளம் பெண்களைப் பற்றியவை. 1975இல் நினைவிழந்தபோது கேரன் ஆன் குயின்லனுக்கு 21 வயது. 1983இல் விபத்தில் சிக்கிய நான்சி குரூசனுக்கு 25. 1990இல் விழுந்த டெரி ஷைவோவுக்கு 26. யாரும் எதையும் எழுதிவைக்கவில்லை. நண்பர்களிடம் எப்போதோ சொன்ன சொற்களை நீதிமன்றம் எடைபோட வேண்டியதாயிற்று. 2012இல் அங்கே 16 முதல் 28 வயது வரையான கடும் நோயாளரிடம் கேட்டு ஒரு திட்டமிடல் கையேடு உருவானது. எந்த வைத்தியம் வேண்டும் என்பதோடு, எப்படி நினைவுகூரப்பட வேண்டும், யாருக்கு என்ன சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்பவற்றையும் அவர்கள் முக்கியமாகக் கருதினார்கள். மன்னார்ச் சாவுக்கட்டிலைச் சூழ்ந்தவர்கள் கவனித்த காரியங்களும் இவைதாம்.

இந்தியாவில் 2018 மார்ச் 9இல் உச்சநீதிமன்றம் உயிருள்ளபோதே எழுதும் சிகிச்சை விருப்ப ஆவணத்தை ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் உறுதிப்படுத்தினால் போதும் என்றது. கேரளத்தில் கோழிக்கோட்டைச் சுற்றி வளர்ந்த அயலக வலிதணிப்பு இயக்கம் மாணவரையும் இளைஞரையும் நோயாளியின் வீட்டுக்கே அழைத்துச் சென்றது. ஒன்ராறியோவில் 16 வயதான ஒருவரே தன் உடல்நல முடிவுகளுக்கு இன்னொருவரை எழுத்தில் நியமிக்கலாம். அங்கு குடியேறிய மன்னார்க் குடும்பத்தின் பேரப்பிள்ளைக்கு அந்த உரிமை உண்டு. மன்னாரிலிருக்கும் பாட்டிக்கு இல்லை.

இலங்கையில் வலிதணிப்புப் பராமரிப்புக்கு 2019–2023 காலத்துக்கான தேசிய மூலோபாயச் சட்டகம் வகுக்கப்பட்டது. 1961இல் ஹட்சன் சில்வா நிறுவிய கண்தானச் சங்கமும், 21 வயது நிறைந்தவர் தன் உடலைத் தானமாக எழுதிக்கொடுக்க இடமளிக்கும் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டமும், இறந்த பின் உடலுக்கு என்ன ஆகவேண்டும் என்பதை இளையவர் முன்கூட்டிச் சொல்ல வழி திறந்தன. உயிர் இருக்கும்போது, பேச்சு இழந்த நிலையில், எந்த வைத்தியம் வேண்டாம் என்று சொல்லும் ஆவணத்துக்குத் தனிச்சட்டம் இல்லை. மன்னாரில் பதினெட்டு வயதான ஒருவர் மரணசாசனம் எழுதலாம், மரண உதவிச் சங்கத்தில் சேரலாம். சிகிச்சை பற்றிய விருப்பத்தை எழுதிக் கையெழுத்திட்டு வீட்டாரிடமும் பங்குத்தந்தையிடமோ மௌலவியிடமோ கொடுத்து வைக்கலாம். அந்தத் தாளுக்குத் தனிச்சட்டத்தின் கட்டாயம் கிடையாது. ஆனால் வைத்தியர் கேட்கும் நேரத்தில், தூரத்திலிருந்து பதில் சொல்லவேண்டிய மகனுக்கும் மகளுக்கும் அது கையில் இருக்கும்.